இணையமே இல்லாத லினக்ஸில் டயல்-அப் மோடம்: வாசகர் கேள்வி பதில்

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படியே தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் அடிக்கும்போது லினக்ஸ் கட்டளைகள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். மோடத்துக்குப் போகும் ஏடி கட்டளைகளும், எண்ணைச் சுழற்றும் சாட் நிரலின் கோப்பில் வரும் சொற்களும் பெரிய எழுத்தில். துறைகளின் (போர்ட்) பெயர்களில் டிடிஒய் சிறிய எழுத்து; அதன்பின் வரும் எஸ், ஏசிஎம், யூஎஸ்பி பெரிய எழுத்து.

கேள்வி: பழைய கணினி ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டிருக்கிறேன். டயல்-அப் தவிர வேறு இணைப்பு கிடையாது. மோடம் வேலை செய்ய டிரைவர் வேண்டும் என்கிறார்கள்; டிரைவரை இறக்கவோ இணையம் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் மோடத்துக்கு டிரைவர் வேண்டுமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பலருக்கு அது தேவையே இல்லை.

சீரியல் கேபிளில் இணைக்கும் வெளி மோடத்தில் ஒலியைத் தரவாக மாற்றும் செயலி, கட்டுப்பாட்டுச் சில்லு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. கணினி அதற்கு எழுத்துகளை அனுப்பினால் போதும், டிரைவர் வேண்டாம். யூஎஸ்பி மோடத்தில் இரண்டு வகை உண்டு. சிடிசி-ஏசிஎம் என்ற பொது நெறியைப் பின்பற்றுவது ஒரு வகை. அதற்கான தொகுதி லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வருகிறது. செருகியதுமே /டெவ்/டிடிஒய்ஏசிஎம்0 என்ற கோப்பு தோன்றும். தோன்றாவிட்டால் பெரும்பாலும் அது இரண்டாவது வகையான மென்மோடம்.

கணினிக்குள் பிசிஐ அட்டையாக இருக்கும் மோடம்தான் சிக்கல். இவற்றில் பெரும்பாலானவை ‘வின்மோடம்’ எனப்படும் மென்மோடங்கள். ஒலியைத் தரவாக மாற்றும் வேலையை அட்டை செய்யாது, கணினியின் சிபியூதான் செய்யும். அந்த நிரலைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் விண்டோஸுக்கு மட்டுமே தந்தார்கள்.

எது என்று அறிய எல்எஸ்பிசிஐ -என்என் கட்டளையைக் கொடுங்கள். மோடத்துக்கான வரி ‘சீரியல் கன்ட்ரோலர்’ என்று தொடங்கினால் நம்பிக்கை வைக்கலாம். ‘கம்யூனிகேஷன் கன்ட்ரோலர்’ என்று தொடங்கி லூசன்ட், அகேர், கோனெக்ஸன்ட், ஸ்மார்ட் லிங்க், பிசிடெல், இன்டெல் 536 அல்லது 537 என்று பெயர் வந்தால் அது மென்மோடம். வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் நான்கு எழுத்து, முக்காற்புள்ளி, நான்கு எழுத்து என ஓர் அடையாள எண் இருக்கும். அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேறு கணினியில் தேடும்போது அட்டையின் பெயரைவிட இந்த எண்தான் துல்லியமாக வழிகாட்டும்.

மென்மோடம் என்று தெரிந்துவிட்டால் எங்கள் கருத்து ஒன்றே: அதை விட்டுவிட்டு, பயன்படுத்திய வெளிச் சீரியல் மோடம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். லூசன்ட் அட்டைக்கான எல்டிமோடம், ஸ்மார்ட் லிங்குக்கான எஸ்எல்மோடம்டி எல்லாம் 2.4, 2.6 கெர்னல் காலத்தில் எழுதப்பட்டவை. இன்றைய கெர்னலில் அப்படியே கம்பைல் ஆகும் என்று எதிர்பார்க்க முடியாது. எஸ்எல்மோடம்டியின் மையப் பகுதி மூல நிரல் இல்லாத 32 பிட் இருமக் கோப்பு. கோனெக்ஸன்ட் அட்டைக்கு லினக்ஸன்ட் தந்த டிரைவரின் இலவசப் பதிப்பு 14.4 கிலோபிட் வேகத்தோடு நின்றுவிடும். இணையம் இல்லாமல் இவற்றோடு மல்லுக்கட்டினால், கம்பைல் செய்யும்போது வரும் ஒவ்வொரு பிழைக்கும் பென்டிரைவோடு ஒருமுறை வெளியே போய்வர வேண்டியிருக்கும்.

வேறு வழியே இல்லையென்றால் யூநேம் -ஆர் காட்டும் கெர்னல் எண்ணைக் கடைசி எழுத்துவரை அப்படியே குறித்துக்கொண்டு போங்கள். கெர்னல் ஹெடர் பொதி அந்த எண்ணோடு முழுதும் பொருந்த வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும், கம்பைல் ஆன தொகுதியைக் கெர்னல் ஏற்காது. கம்பைல் செய்யும் கருவிகளான ஜிசிசி, மேக் இரண்டும் வேண்டும். டிரைவரின் டார் கோப்பைப் பென்டிரைவிலேயே விரிக்காதீர்கள். ஃபேட் அமைப்பில் கோப்பு அனுமதிகளும் குறியீட்டு இணைப்புகளும் நிற்காது. லினக்ஸின் ஹோம் கோப்புறைக்கு நகலெடுத்து அங்கே விரியுங்கள்.

கேள்வி: வேறு கணினியிலிருந்து எந்தெந்தப் பொதிகளைக் கொண்டுவர வேண்டும்? டபிள்யூவிடயல் என்ற டயல் நிரலை எடுத்து வந்தேன். அது இன்னும் நாலைந்து நூலகங்களைக் கேட்கிறது.

பதில்: கட்டாயம் வேண்டியது பிபிபி என்ற ஒரே பொதிதான். எண்ணைச் சுழற்றும் ‘சாட்’, இணைப்பை அமைக்கும் ‘பிபிபிடி’, டெபியனில் இணைக்கும் ‘பான்’, துண்டிக்கும் ‘பாஃப்’ கட்டளைகள் எல்லாம் அதற்குள்ளேயே உள்ளன. டபிள்யூவிடயல் ஒரு வசதி, அவ்வளவே. நாலைந்து நூலகங்களைத் தூக்கி வருவதற்குப் பதில் இரண்டு சிறு கோப்புகளைக் கையால் எழுதுவது சுலபம். அடுத்த பதிலுக்கு அடுத்ததில் அவற்றைத் தருகிறோம். கூடவே, மோடத்தோடு நேரடியாகப் பேச உதவும் மினிகாம் நிரலையும் கொண்டுவாருங்கள். கோளாறைக் கண்டுபிடிக்க அதைப்போல் உதவுவது வேறில்லை.

முதலில் டிபிகேஜி -எல் பிபிபி என்று பாருங்கள், ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கலாம். இல்லையென்றால் நிறுவல் குறுவட்டைச் செருகி, ரூட்டாக (நிர்வாகப் பயனராக) ஏபிடி-சிடிராம் ஆட் கொடுத்து, அதிலிருந்து நிறுவ முயலுங்கள்.

குறுவட்டும் இல்லையா? டிபிகேஜி --பிரின்ட்-ஆர்க்கிடெக்சர் காட்டும் கட்டமைப்பையும் /இடிசி/டெபியன்_வெர்ஷன் கோப்பில் உள்ள பதிப்பு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் கணினியிலேயே ஏபிடி-கெட் --பிரின்ட்-யூஆர்ஐஸ் இன்ஸ்டால் பிபிபி மினிகாம் என்று கொடுத்து, வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். உங்களிடம் இல்லாத பொதிகளின் முகவரி மட்டும் அதில் வரும். சார்புப் பொதிகளும் அடங்கும். அந்தப் பட்டியலை வெளியே எடுத்துப்போய் இறக்கிவந்தால் போதும்.

இந்த வழி, பொதிப் பட்டியல் கணினியில் இருந்தால்தான் பலிக்கும். ஒருமுறைகூட ஏபிடி அப்டேட் நடக்காத கணினியில் பட்டியல் வெறுமையாக இருக்கும். ஏபிடிக்கு எதுவும் தெரியாது. அப்போது ஏபிடி-ஆஃப்லைன் என்ற கருவி உதவும். முதல் நடையில் பட்டியல், இரண்டாம் நடையில் பொதிகள் என்று இரண்டு முறை போய்வர வேண்டும்.

கொண்டுவந்த கோப்புகளை ஒவ்வொன்றாக நிறுவாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்து டிபிகேஜி -ஐ *.டெப் என்று ஒரே கட்டளையாகக் கொடுங்கள். எது முன், எது பின் என்ற வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகக் கொடுக்கும்போதுதான் சார்புப் பிழை கிளம்புகிறது.

கேள்வி: வெளி மோடத்தைச் சீரியல் துறையில் இணைத்துவிட்டேன். கணினி அதோடு பேசுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: /டெவ் கோப்புறையில் டிடிஒய்எஸ்0 முதல் டிடிஒய்எஸ்3 வரை நான்கு கோப்புகள் இருப்பதைப் பார்த்து நான்கு துறைகள் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. வன்பொருள் இல்லாவிட்டாலும் கெர்னல் அவற்றை உருவாக்கிவைக்கும். ரூட்டாக டி-எம்-இ-எஸ்-ஜி கட்டளை கொடுத்து, அதில் டிடிஒய்எஸ் என்ற வரிகளைத் தேடுங்கள். ‘டிடிஒய்எஸ்0 ... 0எக்ஸ்3எஃப்8 ... ஐஆர்க்யூ = 4 ... 16550ஏ’ என்ற வகையில் ஒரு வரி இருந்தால்தான் துறை உண்மையானது. விண்டோஸில் காம்1 என்பது டிடிஒய்எஸ்0, காம்2 என்பது டிடிஒய்எஸ்1. வரியின் கடைசியில் 16550ஏ என்று இருப்பது நல்லது. 16 பைட் சேமிப்பு கொண்ட சில்லு அது. 8250, 16450 சில்லுகள் வேகமான மோடத்துக்கு ஈடுகொடுக்காமல் எழுத்துகளைத் தவறவிடும்.

இப்போது மினிகாம் -எஸ் கொடுத்து, சீரியல் அமைப்பில் துறையாக /டெவ்/டிடிஒய்எஸ்0, வேகம் 115200, 8என்1, வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு ஆம், மென்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு இல்லை என்று வையுங்கள். வெளியே வந்து ஏடி என்று அடித்து என்டர் தட்டுங்கள். ‘ஓகே’ என்று பதில் வந்தால் கேபிள், துறை, மோடம் மூன்றும் சரி. இது வராமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம். மேலே எதைச் சரிசெய்தாலும் பயனில்லை.

வரவில்லையென்றால் காரணங்கள் இவை. ‘பெர்மிஷன் டினைட்’ என்றால் நீங்கள் டயல்அவுட் குழுவில் இல்லை. ரூட்டாக ஆட்யூசர், உங்கள் பயனர் பெயர், டயல்அவுட் என்று கொடுத்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். உள்நுழையாமல் மாற்றம் தெரியாது. துறை ‘பிஸி’ என்றால் மோடம்மேனேஜர் என்ற பின்னணி நிரல் அதைப் பிடித்துவைத்திருக்கக்கூடும். சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் மோடம்மேனேஜர் என்று நிறுத்துங்கள். கட்டளையில் மோடம்மேனேஜரின் இரண்டு ‘எம்’களும் பெரிய எழுத்து. யூஎஸ்பி-சீரியல் மாற்றி வழியாக இணைத்திருந்தால் துறையின் பெயர் /டெவ்/டிடிஒய்யூஎஸ்பி0. சிஎச்340 சில்லு உள்ள மாற்றியை உபுண்டு 22.04-இல் செருகினால் பெயர் தோன்றி உடனே மறைந்துவிடும். பிரெயில் கருவிக்கான பி-ஆர்-எல்-டி-டி-ஒய் பொதி அதைத் தன்னுடையதென்று பிடுங்கிக்கொள்வதே காரணம். பிரெயில் கருவி உங்களிடம் இல்லாத பட்சத்தில் அந்தப் பொதியை நீக்கிவிடலாம்.

பிழை எதுவும் இல்லாமல் வெறும் மௌனம் என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். மோடத்துக்கு வேண்டியது நேர்க் கேபிள். இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கும் நல்-மோடம் கேபிளில் 2, 3 முனைகள் குறுக்காகப் போகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மூன்றே கம்பிகள் உள்ள மலிவான கேபிளும் ஆகாது. ஓட்டக் கட்டுப்பாட்டுக்கு 7, 8 முனைகளும், துண்டிக்க 4-ஆம் முனையும், இணைப்பு நிலையை அறிய 1-ஆம் முனையும் வேண்டும்.

பழைய உரிமையாளர் மோடத்தில் சேமித்த அமைப்பும் குழப்பும். அடிப்பது திரையில் தெரியாமல் பதில் மட்டும் வந்தால் ஏடிஇ1. ‘ஓகே’வுக்குப் பதில் 0 வந்தால் ஏடிவி1. பதிலே நிறுத்தப்பட்டிருந்தால் ஏடிக்யூ0. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து ஏடி&எஃப்; தொழிற்சாலை அமைப்பு திரும்பிவிடும்.

கேள்வி: மோடம் ‘ஓகே’ சொல்கிறது. டபிள்யூவிடயல் இல்லாமல் இணைப்பை அமைப்பது எப்படி?

பதில்: ரூட்டாக இருந்து இரண்டு கோப்புகளை எழுதி, மூன்றாவது ஒன்றில் ஒரு வரி சேர்க்க வேண்டும். முதலாவது /இடிசி/சாட்ஸ்கிரிப்ட்ஸ்/ஐஎஸ்பி:

அபார்ட் 'பிஸி'
அபார்ட் 'நோ கேரியர்'
அபார்ட் 'நோ டயல்டோன்'
அபார்ட் 'நோ டயல் டோன்'
அபார்ட் 'நோ ஆன்சர்'
'' ஏடி&எஃப்&சி1&டி2
ஓகே ஏடிடிடி
டைம்அவுட் 90
கனெக்ட் \சி

ஏடிடிடியை ஒட்டியே, இடைவெளி விடாமல், சேவை நிறுவனத்தின் எண்ணை எழுதுங்கள். கடைசி வரியில் சாய்கோட்டுக்குப் பின் வரும் ‘சி’ மட்டும் சிறிய எழுத்து. டயல் டோன் வரி இரண்டு முறை இருப்பது பிழையல்ல. சில மோடங்கள் அதைச் சேர்த்தும் சில பிரித்தும் சொல்கின்றன. டைம்அவுட் வரியை விட்டுவிட்டால் சாட் 45 விநாடிதான் காத்திருக்கும். மணியடித்து, எதிர்முனை எடுத்து, கைகுலுக்கல் முடிவதற்குள் அது தீர்ந்துவிடலாம்.

&சி1, &டி2 இரண்டையும் விடாதீர்கள். முதலாவது, இணைப்பு அறுந்ததைக் கணினிக்குச் சொல்லும். இரண்டாவது, கணினி விலகியதும் தொலைபேசியைக் கீழே வைக்கும். இது இல்லையென்றால் பாஃப் கொடுத்த பிறகும் அழைப்பு தொடரும், கட்டணமும் ஏறும். முதல் தடவை துண்டித்ததும் மோடத்தில் ஓஎச் விளக்கு அணைந்ததா என்று கட்டாயம் பாருங்கள். யூஎஸ் ரோபாட்டிக்ஸ் மோடமாக இருந்தால் &எஃப் என்பதை &எஃப்1 ஆக்குங்கள். அந்த மோடங்களில் வெறும் &எஃப் ஓட்டக் கட்டுப்பாட்டை அணைத்துவிடும். இணைப்பு வரும், சிறு பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்பு மட்டும் பாதியில் நிற்கும். காரணம் புரியாமல் பலர் தவிப்பது இங்கேதான்.

இரண்டாவது, /இடிசி/பிபிபி/பியர்ஸ்/ஐஎஸ்பி:

/டெவ்/டிடிஒய்எஸ்0
115200
சிஆர்டிஎஸ்சிடிஎஸ்
மோடம்
லாக்
நோஆத்
நோஐபிடிஃபால்ட்
டிஃபால்ட்ரூட்
யூஸ்பியர்டிஎன்எஸ்
யூசர் "பயனர் பெயர்"
கனெக்ட் "/யுஎஸ்ஆர்/எஸ்பின்/சாட் -வி -எஃப் /இடிசி/சாட்ஸ்கிரிப்ட்ஸ்/ஐஎஸ்பி"

நோஆத் என்றால் கடவுச்சொல்லே வேண்டாம் என்று பொருளல்ல. எதிர்முனை தன்னை நமக்கு நிரூபிக்க வேண்டியதில்லை என்பதே அதன் வேலை. சேவை நிறுவனங்கள் அப்படி நிரூபிப்பதில்லை; ஆகவே இந்த வரி இருக்கட்டும்.

மூன்றாவது, /இடிசி/பிபிபி/பாப்-சீக்ரெட்ஸ். அதில் ஒரே வரி: மேற்கோளுக்குள் பயனர் பெயர், ஒரு நட்சத்திரக் குறி, மேற்கோளுக்குள் கடவுச்சொல். அதே வரியைச் சாப்-சீக்ரெட்ஸ் கோப்பிலும் சேருங்கள். எதிர்முனை இரண்டில் எந்த முறையைக் கேட்கும் என்று முன்கூட்டித் தெரியாது. பயனர் பெயர் இரண்டாம் கோப்பில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். இரண்டு சீக்ரெட்ஸ் கோப்புகளுக்கும் அனுமதி 600.

முதல் அழைப்புக்குப் பான் வேண்டாம். ரூட்டாகப் பிபிபிடி கால் ஐஎஸ்பி டீபக் நோடிடாச் என்று கொடுங்கள். நடப்பதெல்லாம் திரையிலேயே ஓடும். எல்லாம் சரியானபின் பான் ஐஎஸ்பி, பாஃப் ஐஎஸ்பி போதும். சாதாரணப் பயனர் இவற்றை இயக்க அவரை டி-ஐ-பி குழுவில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: எண்ணைச் சுழற்றுகிறது, ஆனால் இணைப்பு நிற்பதில்லை. என்ன பார்ப்பது?

பதில்: பிபிபிடி முடியும்போது விடும் வெளியேற்ற எண்ணைப் பாருங்கள். நோடிடாச்சோடு இயக்கியிருந்தால், முடிந்த உடனே எக்கோ $? என்று கேட்டால் கிடைக்கும்.

7 என்றால் துறையைத் திறக்கவே முடியவில்லை. 8 என்றால் சாட் தோற்றது, அதாவது தொலைபேசி வழியில் கோளாறு. டயல் டோன் இல்லை என்று மோடம் சொல்லியும், சாதாரணத் தொலைபேசியை எடுத்தால் டோன் கேட்கிறதா? அலுவலக உள் தொடர்பகங்களின் டோனும், குரல் அஞ்சல் காத்திருக்கும்போது வரும் விட்டுவிட்டு ஒலிக்கும் டோனும் மோடத்துக்குப் புரியாது. தொடக்க வரியில் எக்ஸ்3 சேருங்கள். டோனுக்காகக் காத்திராமல் சுழற்றும். வெளி இணைப்புக்கு 9 அடிக்க வேண்டுமானால் 9-க்குப் பின் ஒரு காற்புள்ளி. ஒவ்வொரு காற்புள்ளிக்கும் வழக்கமாக 2 விநாடி நிற்கும்.

10 என்றால் இரு மோடங்களும் இணைந்தன, பிபிபி பேச்சு தோற்றது. 17 வந்து, ‘லூப்டு பேக்’ என்ற சொல் பதிவில் இருந்தால், எதிர்முனை நாம் அனுப்புவதையே திருப்பி அனுப்புகிறது. அங்கே பெரும்பாலும் ஓர் உள்நுழைவுக் கேள்வி காத்திருக்கும். மினிகாமில் கையால் ஏடிடிடி கொடுத்து இணைந்து பாருங்கள். ‘லாகின்:’ என்று கேட்டால் அதற்கான கேள்வி-பதில் வரிகளைச் சாட் கோப்பின் கடைசியில் சேர்க்க வேண்டும். ஒழுங்கில்லாத குறிகள் கொட்டினால் எதிர்முனை பிபிபியைத் தொடங்கிவிட்டது. சாட் கோப்பை மாற்ற வேண்டாம்.

19 என்றால் கடவுச்சொல் அல்லது பயனர் பெயர் தவறு. 16 என்றால் இணைந்தபின் மோடம் அறுந்தது. தொலைபேசியில் அழைப்புக் காத்திருப்பு வசதி இருந்தால் அதன் ‘பீப்’ ஒலியே அறுப்பதற்குப் போதும். அந்த வசதியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பிபிபி0 என்ற இணைப்பு வந்துவிட்டது, ஐபி முகவரியும் கிடைத்துவிட்டது. ஒரு பக்கமும் திறக்கவில்லை.

பதில்: பிங் 8.8.8.8 கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது தளப் பெயரை ஐபி முகவரியாக்கும் சேவையில். சேவை நிறுவனம் தந்த முகவரிகள் /இடிசி/பிபிபி/ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் இருக்கும், அவை /இடிசி/ரிசால்வ்.கான்ஃப் கோப்புக்கு வந்து சேரவில்லை. கையால் நகலெடுங்கள். பதில் வராவிட்டால் ஐபி ரூட் (இந்த ரூட் ஆர்-ஓ-யூ-டி-இ, வழி) கட்டளையில் ‘டிஃபால்ட்’ வரி பிபிபி0-ஐக் காட்டுகிறதா பாருங்கள். ஈதர்நெட் அட்டை பழைய வழியொன்றைப் பிடித்திருந்தால் பிபிபிடி அதை மாற்றாது. ஐபி ரூட் டெல் டிஃபால்ட் கொடுத்து அதை நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள்.

கேள்வி: 56கே மோடம்தான். ‘கனெக்ட் 115200’ என்று காட்டுகிறது, ஆனால் கோப்பு இறங்க யுகம் ஆகிறது. ஏன்?

பதில்: 115200 என்பது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். தொலைபேசிக் கம்பியின் வேகம் வேறு. பல மோடங்களில் தொடக்க வரியில் டபிள்யூ2 சேர்த்தால் உண்மையான கம்பி வேகத்தைச் சொல்லும். வி.42பிஸ் சுருக்கம் எழுத்துக் கோப்புகளை நாலில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கக்கூடியது. அதனால்தான் கணினிப் பக்கத்தில் கம்பி வேகத்தைவிட அதிகம் வைக்கிறோம். ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஜிப், ஜேபெக், டெப் கோப்புகளுக்கு இதனால் லாபமில்லை.

56 கிலோபிட் என்பது இறக்கத்துக்கு மட்டும், அதுவும் சேவை நிறுவனம் டிஜிட்டல் வழியில் இணைந்திருந்தால்தான். ஏற்றம் வி.90-இல் 33.6 கிலோபிட். 44 கிலோபிட் கிடைத்தால் ஒரு மெகாபைட்டுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல், 100 மெகாபைட்டுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஆகவே முதலில் பின்னணியில் இறங்குவதை நிறுத்துங்கள். ஏபிடி-டெய்லி.டைமர் தானாகவே பொதிப் பட்டியலை இறக்கத் தொடங்கி வழி முழுவதையும் அடைத்துவிடும். சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் --நவ் ஏபிடி-டெய்லி.டைமர் என்று ரூட்டாகக் கொடுங்கள். பெரிய கோப்புகளை டபிள்யூகெட் -சி கொண்டு இறக்குங்கள். இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கேள்வி: வீட்டுத் தொலைபேசி இப்போது ஃபைபர் பெட்டியின் வழியாக வருகிறது. டயல்-அப் நடக்குமா?

பதில்: நடக்கலாம், வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். அந்தப் பெட்டி குரலைப் பொட்டலங்களாக்கி அனுப்புகிறது. ஜி.711 கோடெக் (குரலைத் தரவாக்கும் முறை) என்றால் மோடத்தின் ஒலி ஓரளவு சிதையாமல் போகும். ஜி.729 போலக் குரலைச் சுருக்கும் கோடெக் என்றால் எந்த அமைப்பு மாற்றமும் உதவாது. பெட்டியின் அமைப்பில் ஜி.711-ஐத் தேர்ந்து, எதிரொலி நீக்கியையும் மௌன நீக்கத்தையும் அணைத்துவிடுங்கள். பிறகு மோடத்தைக் குறைந்த வேகத்தில் கட்டுங்கள்: ஏடி+எம்எஸ்=வி34 முதலில், நிற்காவிட்டால் ஏடி+எம்எஸ்=வி32பி. இரண்டாவதில் உச்சம் 14.4 கிலோபிட். சில மோடங்களில் இந்தக் கட்டளையின் வடிவம் வேறு. கையேட்டில் ‘+எம்எஸ்’ பகுதியைப் பாருங்கள். வி34-இல் அடிக்கடி அறுகிற வழியில் வி32பி நிலையாக நின்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை அறுந்து மீண்டும் சுழற்றிக் கைகுலுக்கும் நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால், மெதுவாக நிற்கும் இணைப்பில்தான் கோப்பு முன்னதாக வந்து சேரும்.